1966 மஸ்டாங்: தினமும் ஓட்ட எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: 289 வி8 எஞ்சின் உள்ள ஃபோர்டு மஸ்டாங், கராஜில் வெகுநாளாக நிற்கிறது. கண்காட்சிக்கெல்லாம் வேண்டாம், வேலைக்கு நம்பி எடுத்துப்போக முடிந்தால் போதும். முதலில் எஞ்சினைப் பிரிக்கவா?

பதில் 1: ஸ்டார்ட் ஆகிறதா? அப்போ எஞ்சினை விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள். அந்த வருட மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைக் குழாய்களில் தள்ளும் பாகம்) ஒற்றைச் சுற்று, எங்காவது ஒரு குழாய் வெடித்தாலே நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967இல்தான் மஸ்டாங்குக்கு இரட்டைச் சுற்று வந்தது, அந்த வகையை மாட்டிவிடுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும்.

பதில் 2: அப்புறம், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரங்களில் தண்ணீர் ஊற்றி, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டினால் உள்ளே துரு. அதைச் சரிசெய்யாமல் பெயிண்ட் அடிப்பது வீண்.

பதில் 3: பாயிண்ட்ஸை (தீப்பொறி வர மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சின்ன முனைகள்) எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுங்கள், அடிக்கடி இடைவெளி சரிபார்க்கிற வேலை மிச்சம். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும்.