உறைபனியைத் தாங்கும் உயர்மலைச் செடிகள் மிதமான குளிரில் அழுகுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். சென்ற ஆண்டு ஒரு சிறிய பாறைத் தோட்டம் அமைத்து, உயர்மலைகளைத் தாயகமாகக் கொண்ட பல்லாண்டுப் பூச்செடிகளான லூயிசியா, ஆண்ட்ரோசேஸ், ஜென்ஷியானா அகாலிஸ், வெள்ளிச் சாக்சிஃப்ரேகா ஆகியவற்றை, ஒரு பங்கு மணல் கலந்த தோட்டத்து மண்ணில் நட்டேன். இங்கே குளிர்காலத்தில் சில இரவுகள் மட்டுமே உறைநிலைக்குக் கீழே செல்லும்; மற்ற நாட்களில் தூறல்தான். ஆயினும் முன்னெச்சரிக்கையாக உதிர்ந்த இலைகளைச் செடிகளின் மேல் போர்த்தி வைத்தேன். வசந்தத்தில் அவற்றை விலக்கியபோது, லூயிசியா தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது. ஆண்ட்ரோசேஸ் நடுவில் பழுப்பேறிக் கூழாகியிருந்தது. ஜென்ஷியன் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு பூவும் இல்லை. இவ்வளவு குறைந்த குளிரையே தாங்காத செடிகளை எப்படிக் காப்பாற்றுவது?

பதில் 1:
உங்கள் செடிகள் குளிரால் மடியவில்லை, ஈரத்தால் மடிந்திருக்கின்றன. அவற்றின் தாயகத்தில் குளிர்காலம் முழுவதும் மேலே கிடக்கும் பனி உருகாதவரை நீராவதில்லை. அதன் அடியில் வெப்பநிலையும் பெரும்பாலும் 0 பாகையை ஒட்டியே நிற்பதால், செடி உலர்ந்த நிலையில் உறங்குகிறது. உங்கள் தோட்டத்திலோ தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மாதக்கணக்கில் நனைந்திருக்கிறது. அதன் மேல் இலைப் போர்வையும் இட்டது, சொல்வதற்கு வருந்துகிறேன், அழுகலுக்குக் குடை பிடித்ததைப் போன்றது.

மணலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நுண்மணல் மண்ணின் துளைகளை அடைத்து வடிகாலைக் கெடுக்கவும் கூடும்; தேவைப்படுவது ஏறத்தாழ 4 முதல் 6 மில்லிமீட்டர் அளவுள்ள கூர்மையான கல்குருணை. மெத்தை போல வளரும் செடிகளுக்கு மண் ஒரு பங்கு, இலைமட்கு ஒரு பங்கு, குருணை இரண்டு பங்கு என நான் கலக்கிறேன். நட்டபின் கழுத்தைச் சுற்றி 2 அல்லது 3 சென்டிமீட்டர் தடிப்பில் அதே குருணையைப் பரப்புங்கள். தழைச்சத்து உரம் வேண்டாம். அது செடியைக் கொழுக்க வைத்து, குளிர்காலத்தில் எளிதில் அழுகும்படி செய்துவிடும்.

பதில் 2:
மேலே உள்ளவற்றுடன் உடன்படுகிறேன், ஜென்ஷியனைத் தவிர. உங்கள் தோட்டத்தில் குறையின்றிப் பிழைத்தது அந்தச் செடிதான் என்பதைக் கவனியுங்கள். அது வளமான, கோடையிலும் காயாத மண்ணை விரும்புவது. குருணைக் கலவைக்கு மாற்றினால் வாடிவிடும். பூக்காததற்கு முதலில் வெயில் போதுமா என்று பாருங்கள். வெயில் இருந்தும் ஆண்டுக்கணக்கில் பூக்க மறுப்பது இந்த இனத்தின் பழைய பிடிவாதம். சில அடி தள்ளி நட்டதும் பூத்த அனுபவம் எனக்கு உண்டு, காரணம் இன்றுவரை விளங்கவில்லை.

லூயிசியாவைத் தட்டையான நிலத்தில் நடாமல், இரு பாறைகளுக்கு இடையேயான செங்குத்துப் பிளவில் பக்கவாட்டாகச் செருகினால், இலைச்சுற்றின் நடுவே நீர் தேங்க வழியிருக்காது. ஆண்ட்ரோசேஸுக்கு இலையுதிர்காலத்தின் இறுதியில் ஒரு கண்ணாடித் துண்டை மேலே கூரையாக நிறுத்தி, நாற்புறமும் காற்றுப் புக விட்டுவிடுங்கள். மூடிய பெட்டியாக்கினால் மீண்டும் பூஞ்சைதான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்னும் ஓர் ஐயம்: சாக்சிஃப்ரேகாவில் நீண்ட பூங்கொத்து விட்ட பெரிய இலைச்சுற்று இப்போது காய்ந்து வருகிறது, மற்றவற்றின் இலை விளிம்புகளில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. இதுவும் அழுகல் நோயா?

பதில் 1:
இல்லை. பூத்த இலைச்சுற்று மடிவது அதன் இயல்பு. பக்கத்தில் உள்ள சிறு சுற்றுகள் தொடர்ந்து வளரும், காய்ந்ததை மட்டும் கிள்ளி எடுத்துவிடுங்கள். வெள்ளைப் புள்ளிகள் இலை வெளியேற்றும் நீர் உலர்ந்தபின் தங்கும் சுண்ணாம்பு. வெள்ளிச் சாக்சிஃப்ரேகா என்ற பெயரே அதனால் வந்ததுதான், தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.