டேப்லெட்டை இப்போது மாற்றலாமா, பொறுக்கலாமா?

வணக்கம் நண்பர்களே. நான் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். தினமும் ஐந்தாறு மணி நேரம், பெரும்பாலும் ராத்திரியில், 2018-இல் வாங்கிய 11 அங்குல டேப்லெட்டில்தான் வேலை. எல்சிடி திரை (பின்னாலிருந்து விளக்கு எரியும் வகை) இன்னும் நன்றாக இருக்கிறது. பேட்டரிதான் தளர்ந்துவிட்டது.

2021-இல் 12.9 அங்குல ஐபேட் ப்ரோவுக்கு மினி எல்இடி திரை வந்தது. அதுவும் எல்சிடிதான், பின்விளக்கு மட்டும் குட்டிக் குட்டி விளக்குகள். பின்விளக்கு 2,500-க்கும் மேற்பட்ட பகுதிகளாகப் பிரிந்து எரிவதால் கறுப்பு நன்றாகவே கறுக்கும். ஆனால் இருட்டில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி லேசான ஒளிவட்டம் தெரியும். ஒற்றுக்குப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று தேடுகிற எனக்கு அது தொல்லை.

2024 மே மாதம் வந்த ஐபேட் ப்ரோவில் பின்விளக்கே இல்லாத ஓஎல்இடி திரை, அதுவும் இரண்டு அடுக்காக. திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் ஒளிவட்டம் கிடையாது. மனசு அதில்தான் நிற்கிறது. என் பயம் வேறு: வெளிச்சத்தைக் குறைத்தால் பல ஓஎல்இடி திரைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். என் போனும் ஓஎல்இடிதான். ராத்திரி அரை மணி நேரம் படித்தாலே நெற்றி வலிக்கிறது. ஒரே கருவிப்பட்டை நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் திரையில் அதன் தடம் அழியாமல் பதியுமோ என்ற கவலையும் உண்டு.

இப்படிப்பட்ட திரையில் மணிக்கணக்காகப் படிப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கண் எப்படி இருக்கிறது? பேசாமல் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு, அந்தக் காசில் பளபளப்பில்லாத எல்சிடி திரை உள்ள லேப்டாப் வாங்கிவிடலாமா? அடுத்த மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.