புதுப்பிப்பு: மேட்டுப்பாளையத்தில் கோடை வேலை

மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் நீர் விளையாட்டுப் பூங்கா பக்கம் ஒரு கடையில் கோடை முழுக்க வேலை, தங்குவதும் அங்கேயே, போகலாமா என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். போய் முடித்துவிட்டும் வந்தாயிற்று.

நீச்சல் உடைக் கடை. பருத்தித் துணியோடு இறங்கினால் நூல் பிரிந்து தண்ணீர் வடிகட்டியில் அடைக்கும் என்பதால் இதுபோன்ற பூங்காக்களில் நைலான் உடைதான் கேட்பார்கள். அது தெரியாமல் வேட்டி, சுடிதாரில் வரும் குடும்பங்களால்தான் எங்கள் வியாபாரம். "இந்த வயசுல எனக்கெதுக்கு கண்ணு டவுசரு?" என்று பேத்தியிடம் மறுத்துக்கொண்டே வாங்கிய ஒரு பாட்டி, மாலையில் ஈரத்தலையோடு கடைக்கே வந்து, "அலைக்குள்ள நின்னுட்டேன் சாமி!" என்றார். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள். அதனால் காலையில் எங்கள் சாலை முழுக்க மேலே போகும் வண்டிகள்தான். பஸ்ஸைவிட நடை வேகம். ஆனால் இருட்டிய பிறகு கல்லாறு பக்கம் நடக்காதீர்கள், அது யானைகள் கடக்கும் இடம்.

அறை சுமார்தான், சாப்பாடு நன்றாக இருந்தது. அடுத்த வருடம் போக நினைப்பவர்கள் வார விடுமுறையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்; மே மாதத்தில் சனி, ஞாயிறு கிடைக்கவே கிடைக்காது.