வீட்டுப் பயிற்சிக்கு எலக்ட்ரானிக் டிரம் மாட்யூல்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருந்தவரை தேவாலய இசைக்குழுவில் பத்தாண்டுகளுக்கும் மேலாக டிரம்ஸ் வாசித்து வந்தேன். இப்போது வேலை நிமித்தமாகச் சென்னையில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் பயிற்சிக்கு நேரம் கிடைக்கிறது. நண்பர் ஒருவர் தம்மிடமிருந்த மெஷ் பேடுகள் (வலைத்துணி போர்த்தியவை), சிம்பல் பேடுகள், ஸ்டாண்டு ஆகியவற்றைக் கொடுத்துவிட்டார். அவை வெவ்வேறு நிறுவனங்களுடையவை. பேடில் விழும் அடியை ஒலியாக மாற்றித் தரும் பெட்டியான மாட்யூல் மட்டும்தான் வாங்க வேண்டும். ஒருவர் பயன்படுத்திய ரோலண்ட் டிடி-17 மாட்யூல் விலைக்கு வந்திருக்கிறது. கடைக்காரரோ, ஆக்டோபேட் வாங்கினால் மேடைக்கும் உதவும் என்கிறார். ஒலிகளின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்கலாமா, வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் பதில்

வணக்கம் நண்பரே. நம் மெல்லிசைக் குழுக்களில் ஆக்டோபேடுக்கு இருக்கும் இடம் பெரியது; தபேலா, டோலக், டிரம்ஸ் எல்லாவற்றையும் ஒரே ஆள் எட்டு பேடுகளில் கொண்டுவந்துவிட முடியும். ஆனால் டிரம்ஸ் வாசிப்பவருக்குக் கைகள் எட்டும் தொலைவும் கால்களின் ஒருங்கிணைப்பும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதால், உங்கள் தேவைக்கு மாட்யூலே சரியானது.

ஒலிகளின் எண்ணிக்கையைத் தயவுசெய்து அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான் முதலில் வாங்கிய மாட்யூலில் ஒலிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. முக்கிய டிரம்மான ஸ்நேரில் மெல்லத் தட்டும் கோஸ்ட் நோட்டுகள் பாதிக்கு மேல் பதிவாகவே இல்லை. அதைக் கேட்டுக் கேட்டு, தேவையில்லாமல் அழுத்தி அடிக்கும் பழக்கம் என் இடக்கைக்கு வந்துவிட்டது. அதை மாற்ற ஓராண்டு ஆயிற்று.

வாங்குமுன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஸ்டிக்கின் நுனியைப் பேடிலிருந்து இரண்டு விரல்கடை உயரத்துக்கு மேல் தூக்காமல் வாசித்துப் பாருங்கள். பிறகு ஒரே ஸ்நேரில் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக உரக்க ரோல் வாசியுங்கள். ஓசையின் அளவு மட்டும் கூடி, தொனி மாறாமல் இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்டால் அது வேண்டாம். பெடலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹேட்டை அடித்துக்கொண்டே பெடலை மெல்ல அழுத்துங்கள். திறந்த ஒலிக்கும் மூடிய ஒலிக்கும் இடையிலுள்ள பாதித் திறப்பு காதில் விழ வேண்டும். டிடி-17 இந்தச் சோதனைகளில் நன்றாகவே தேறும் என்பது என் அனுபவம்.

உங்கள் பேடுகள் கலப்பானவை என்பதையும் மறந்துவிடாதீர்கள். டாம் பேடுகள் பெரும்பாலும் எந்த மாட்யூலோடும் ஒத்துப்போகும். ஹை-ஹேட்டும் மூன்று பகுதிகள் கொண்ட ரைடு சிம்பலும்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டுத் தொல்லை தரும். கிக்கை மிதிக்கும்போது டாம் தானாக ஒலித்தால் பழுது என்று பதறாமல், மாட்யூலின் அமைப்புகளில் கிராஸ்டாக் (ஒரு பேடின் அதிர்வு இன்னொன்றை ஒலிக்கவிடாமல் தடுக்கும் அளவு), த்ரெஷோல்டு (அடியாகப் பதிவாவதற்கான குறைந்தபட்ச அழுத்தம்) ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது பதில்

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். கணினி வைத்திருப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. மாட்யூலின் யுஎஸ்பி வழியாக எந்தப் பேடை எவ்வளவு அழுத்தி அடித்தோம் என்ற மிடி தகவலை மட்டும் அனுப்பி, ஒலியைக் கணினியிலுள்ள டிரம் மென்பொருளிடமிருந்து பெறலாம். அப்போது மாட்யூலின் சொந்த ஒலிகள் சுமாராக இருந்தாலும் கவலையில்லை. அடிக்கும் அதன் ஒலிக்கும் இடையிலான தாமதத்தில்தான் கவனம் வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் தொகுதியின் அளவு) 128 சாம்பிள் என்றால் அதனால் ஏற்படும் தாமதம் சுமார் 2.7 மில்லிவினாடி, ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் ஒலி காதுக்கு வந்துசேர ஆகும் நேரமும் ஏறக்குறைய அதுதான். அதே பஃபரை 1024 ஆக வைத்தால் 21 மில்லிவினாடியைத் தாண்டிவிடும், கை தடுமாறும். விண்டோஸ் கணினி என்றால் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

டிடி-17 மாட்யூலில் சில வகைகளில் புளூடூத் உண்டு. கைபேசியிலிருந்து பாடலை அனுப்பிக் கூடவே வாசிக்க அது அருமையான வசதி. ஆனால் நீங்கள் வாசிப்பதைக் கேட்க வயர் ஹெட்ஃபோனைத்தான் பயன்படுத்த வேண்டும். புளூடூத் ஹெட்ஃபோனில் அடி ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கமாகப் போய்விடும்.

மூன்றாவது பதில்

எந்த மாட்யூலாலும் தீராத ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். மெஷ் பேடில் அடிப்பது பக்கத்து அறைக்குக்கூட அதிகம் கேட்பதில்லை. கீழ்வீட்டு அம்மா ஒருநாள் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய், என் தம்பியை மேலே வாசிக்கச் சொன்னபோதுதான் உண்மை புரிந்தது: கூரையில் 'தொம் தொம்' என்று கிக் மட்டும் இறங்கியது, அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே, குழி வெட்டி டென்னிஸ் பந்துகளைப் பதித்து ஒரு மேடை செய்து, அதன்மேல் டிரம்ஸை ஏற்றிய பிறகே அந்த அதிர்வு பெருமளவு அடங்கியது. பலகை சுவரைத் தொடாமல் இருக்க வேண்டும். மாட்யூலுக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பகுதியை இதற்கு இப்போதே எடுத்து வையுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை விற்பவரின் வீட்டுக்கே போய், என் ஹை-ஹேட் பேடையும் எடுத்துச் சென்று பார்த்தேன். கோஸ்ட் நோட்டுகள் ஒன்று விடாமல் கேட்டன. என் ஹை-ஹேட்டில் பாதித் திறப்பு வரவில்லை. அதற்கு மட்டும் பொருத்தமான வேறு பேடு தேடுவதென முடிவு செய்து, டிடி-17க்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

முதல் பதில் எழுதியவர்

நல்ல முடிவு. மீதிப் பணம் கொடுக்குமுன் ஒன்று கேட்டு வாங்குங்கள்: டிடி-17இல் பெரும்பாலான பேடுகள் பின்புறமுள்ள 25 பின் கொண்ட ஒரே கேபிள் கொத்தின் வழியாகத்தான் இணையும். பழைய மாட்யூலைத் தனியாக விற்பவர்கள் அந்தக் கேபிளை ஸ்டாண்டிலேயே விட்டுவிடுவது உண்டு.