லென்ஸ் குறைகளை முழுக்கத் திருத்தினால் 6/3-ஐத் தாண்ட முடியுமா?

கேள்வி:
கண்ணின் ஒளியியல் பிழைகள் எல்லாவற்றையும் திருத்திவிட்டால் பார்வைக் கூர்மை 6/3-ஐயும் (சாதாரணக் கண் 3 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரிலிருந்தே படிப்பது) தாண்டி ஏறிக்கொண்டே போகுமா? விழித்திரை எங்கே தடுக்கிறது? கணக்கோடு சொல்லுங்கள்.

பதில் 1:
கூம்பு செல்களின் (விழித்திரையில் நிறத்தையும் நுணுக்கத்தையும் உணரும் செல்கள்) இடைவெளிதான் தடை. ஃபோவியாவின் (விழித்திரையில் மிகக் கூர்மையாகத் தெரியும் சிறு குழி) நடுவில் அடுத்தடுத்த இரண்டு கூம்புகளின் மையங்களுக்கிடையே சுமார் 2.5 மைக்ரான். பார்வைக் கோணத்தில் 1 டிகிரி என்பது விழித்திரையில் சுமார் 290 மைக்ரான். ஆக டிகிரிக்கு 116 கூம்புகள். ஒரு கருப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் பிரிந்து தெரிய இரண்டு கூம்புகளாவது வேண்டும். எனவே எல்லை டிகிரிக்கு 58 ஜோடி. 6/6 எழுத்தின் கோட்டுத் தடிமன் 1 கோண நிமிடம் (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு), அதாவது டிகிரிக்கு 30 ஜோடி. அதனால் உச்சவரம்பு 6/3-ஐ ஒட்டியே நிற்கும்.

பாவை (கண்ணுக்குள் ஒளி நுழையும் துளை) 2 மி.மீ. இருக்கும்போது பச்சை ஒளிக்கு விளிம்பு விளைவு (சிறு துளை வழியே வரும் ஒளி பரவுவது) விதிக்கும் எல்லையும் டிகிரிக்கு 60 ஜோடியை ஒட்டியே வருகிறது. பாவை விரிந்தால் அந்த எல்லை உயரும், ஆனால் லென்ஸ் பிழைகளும் கூடும். திருத்தத்தின் பலன் அங்கேதான் அதிகம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்க வேண்டும்: எல்லையைத் தாண்டிய கோடுகள் வெறும் சாம்பலாக மங்கிப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். லேசர் குறுக்கீட்டுப் பட்டைகளை (இரு லேசர் கதிர்கள் கலந்து உருவாக்கும் நுண்ணிய கோடுகளை), லென்ஸின் மங்கல் பாதிக்காதபடி விழித்திரையில் விழச் செய்தால், அங்கே இல்லாத அகலமான, நெளிந்த பட்டைகள் தெரிகின்றன. கூம்புகள் போதாமல் எழும் பொய்க்கோலம் அது. சாதாரணக் கண்ணில் லென்ஸின் மங்கலே இதைத் தடுத்துவிடுகிறது.

நீலக் கூம்புகளின் நிலை இன்னும் மோசம். மொத்தக் கூம்புகளில் 10 சதவீதத்துக்கும் குறைவு, ஃபோவியாவின் நட்டநடுவில் இல்லவே இல்லை. நீல வேறுபாட்டால் மட்டுமே பிரியும் பொடி எழுத்தை எந்த லென்ஸும் காப்பாற்றாது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் வெர்னியர் கோடுகளில் (ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரு கோடுகள்) 5 கோண விநாடி (கோண நிமிடத்தில் 60-இல் ஒரு பங்கு ஒரு விநாடி) பக்கவாட்டு விலகலைக்கூடக் கண்டுபிடிக்கிறோமே? கூம்பு இடைவெளியே 30 விநாடி அல்லவா?

பதில் 1:
அது இடங்காணல், பிரித்தறிதல் அல்ல. ஒரு கோட்டின் ஒளி பல கூம்புகள்மீது பரவி விழுகிறது. அவற்றின் சமிக்ஞை அளவுகளை ஒப்பிட்டு மூளை கோட்டின் நடுவைக் கணிக்கிறது. இரண்டு கோடுகளைப் பிரிக்கவோ, நடுவே குறைவான ஒளி பெறும் ஒரு கூம்பு கட்டாயம் தேவை.

அதனால் கூம்பு எல்லையை அளக்க வெர்னியர் சோதனை உதவாது. பட்டைக் கோலம் (மாறிமாறி வரும் கருப்பு-வெள்ளைக் கோடுகள்) பயன்படுத்துங்கள். பட்டையின் சராசரி ஒளிர்வும் பின்னணியின் ஒளிர்வும் ஒன்றாக இருக்கட்டும். கொஞ்சம் மாறினாலும் கோடு தெரியாமலே வெளிச்ச வித்தியாசத்தை வைத்துச் சரியான பதில் வந்துவிடும்.