பழைய பைனாகுலர் யாரிடமாவது சும்மா கிடக்கிறதா?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடிக்கு தினமும் வரும் தவிட்டுக்குருவிகளை, எத்தனை மணிக்கு, எத்தனை வந்தன, எதைக் கொத்தின என்று பதினோரு நாள் எழுதி வைத்திருக்கிறாள், யாரும் சொல்லாமலே! அதைப் பார்த்து இப்போது ஆறேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும், "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்றான். வராது என்றேன், இருந்தும் வருகிறான்.

2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இவர்களைச் சேர்க்க ஆசை. குறைந்தது 15 நிமிடம் பார்த்து இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவிட்டால் போதும். என் ஃபோனிலேயே ஏற்றிவிடுவேன். பைனாகுலர்தான் இல்லை. 8x40 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. லென்ஸ்) மாதிரி பழையது இருந்தால் கொடுங்கள், கொரியர் செலவு என்னுடையது. அப்புறம் இன்னொன்று: மதிப்பெண் போடாமல், ப்ராஜெக்ட் ஆக்கிக் கெடுக்காமல் இந்த ஆர்வத்தைத் தக்கவைத்த ஆசிரியர்கள் இருந்தால், என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்களேன்.