வாக்குச்சாவடி மேசைக்கு இந்தப் பக்கம்

1984 நவம்பரில் முதல் முறையாக அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டேன். ரீகனுக்கு. அந்த வருடம் 50 மாநிலங்களில் 49 அவர் பக்கம் சாய்ந்தன. மின்னசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும்தான் எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் மாண்டேலுக்குக் கிடைத்தன. அன்று தொடங்கி நான் குடியரசுக் கட்சிக்காரன். இப்போது வயது 75. "சார், நீங்க போய் அந்தக் கட்சியில எப்படி?" என்று கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போதுகூடக் கேட்டிருக்கிறார்கள். கொள்கை பேசி விளக்கப் போனால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் இத்தனை வருடத்தில் நான் பழகிய சிலரை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

1973-ல் உலோகவியல் மேற்படிப்புக்காக ஒஹையோ வந்தேன். படித்து முடித்ததும் யங்ஸ்டவுன் பக்கத்தில் ஒரு சின்ன வார்ப்பாலையில் வேலை கிடைத்தது. அப்போது அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இரும்பு ஆலைகள்தான். ராத்திரியில் வானம் செம்மண் நிறத்தில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் காம்ப்பெல் ஆலையில் 22 வருடம் வேலை பார்த்தவர். தாத்தா காலத்தில் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த குடும்பம். தொழிற்சங்கம், ஜனநாயகக் கட்சி, ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கத் தேவாலயம், இந்த மூன்றும் அவருக்குப் பிறப்பிலேயே வந்தவை.

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. இன்றைக்கும் அந்த ஊரில் 'கருப்புத் திங்கள்' என்றால் எல்லோருக்கும் தெரியும். காம்ப்பெல் ஆலையின் பெரும்பகுதியை மூடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை இல்லை. அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது அவர் தன் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பா மடியில் இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியைத் தட்டவில்லை. தட்டியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைப்பேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததுதான் என்னைக் கன்சர்வேட்டிவ் ஆக்கியது. வேலையிழப்பு உதவித்தொகை வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது அக்கம்பக்கம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் சமைத்தார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீன் பொரித்து விற்று, அந்தப் பணத்தில் யார் வீட்டுக் கடன் தவணை நின்றதோ அதைக் கட்டினார்கள். 1978 பனிக்காலத்தில் எங்களுக்கு மகள் பிறந்தபோது என் மனைவிக்கு உதவ ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. வேலை இழந்து உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் மனைவிதான் நாற்பது நாள் எங்கள் வீட்டுக்குச் சூப் கொண்டு வந்தார். இறைச்சி போடாமல் எப்படிச் செய்வது என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். வாஷிங்டனால் இதை ஒரு திட்டமாகப் போட்டு நடத்திவிட முடியும் என்று எனக்குத் தோன்றியதில்லை. குடும்பம், கோயில், தெரு இந்த மூன்றும் நொறுங்காமல் இருந்தால்தான் மனிதன் நிற்பான் என்ற எண்ணம் அங்கே வந்தது, இன்னும் போகவில்லை.

என் கட்சி சொன்னதையெல்லாம் செய்தது என்று சொல்ல மாட்டேன். கடன் வாங்காதே என்று சொல்லி வளர்த்த அப்பாவின் பிள்ளை நான். 1981-ல் இந்த நாட்டின் கடன் 1 லட்சம் கோடி டாலரைத் தொட்டபோது அதிர்ச்சியாக இருந்தது. ரீகன் இறங்குவதற்குள் அது இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் 1998-லிருந்து நான்கு வருடம் வரவு செலவை மிஞ்சியது. கிளின்டனும் குடியரசுக் கட்சி நாடாளுமன்றமும் முட்டி மோதிக்கொண்டே அதைச் செய்தார்கள். 2024 கடைசியில் கடன் 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது, இரண்டு கட்சியிலும் அதைப் பற்றிப் பேச ஆளில்லை. 2003-ல் இராக் போரையும் நான் ஆதரித்தேன். இருப்பதாகச் சொன்ன ஆயுதங்கள் கிடைக்கவேயில்லை. அது என் மனதில் உறுத்தல்தான்.

சரி, வாக்குச்சாவடிக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

2014-ல் ஓய்வு பெற்றதும் தேர்தல் நாளில் சாவடி அலுவலராகப் பணி செய்யப் பெயர் கொடுத்தேன். ஒஹையோவில் இதற்கு இரண்டு கட்சிக்காரர்களும் வேண்டும். மாவட்டத் தேர்தல் வாரியத்தில் நான்கு உறுப்பினர்கள், கட்சிக்கு இருவர். இயக்குநர் ஒரு கட்சி என்றால் துணை இயக்குநர் மற்ற கட்சி. வாக்குச்சீட்டு வைக்கும் அறைக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு கட்சியிடம் சாவி. எங்கள் சாவடி ஒரு லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். காலை ஆறரைக்குத் திறந்து இரவு ஏழரைக்கு மூட வேண்டும். ஏழரைக்கு வரிசையில் நிற்பவர் எத்தனை பேரானாலும் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போவார்.

என்னுடன் ஜனநாயகக் கட்சி சார்பில் இருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கருப்பினப் பெண்மணி. எங்கள் ஊர் வழக்கப்படி 'டீச்சர்' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன், அவருக்கும் பிடித்துவிட்டது. அவருடைய பெற்றோர் அலபாமாவிலிருந்து இரும்பு வேலைக்காக வடக்கே வந்தவர்கள். அங்கேயே தங்கிவிட்ட பாட்டி, கருப்பினத்தவரை ஓட்டுப் போட விடாமல் தடுப்பதற்கு எதிரான வாக்குரிமைச் சட்டத்தில் 1965 ஆகஸ்டில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட பிறகுதான் வாழ்க்கையில் முதல் ஓட்டுப் போட்டாராம். அதே வருடம் அக்டோபரில், அதே ஜான்சன், குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். என்னைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது அதனால்தான். நாங்கள் இருவரும் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பதற்கு இரண்டு மாத இடைவெளியில் போட்ட இரண்டு கையெழுத்து காரணம் என்று அவர்தான் ஒருநாள் கணக்குப் போட்டுச் சொன்னார். நான் அதுவரை அப்படி யோசித்ததில்லை.

காலையில் எந்திரத்தைத் திறந்ததும் முதலில் ஒரு நீளச் சீட்டு வரும். ஒவ்வொரு வேட்பாளர் பெயருக்கும் நேரே சுழியம். இருவரும் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். ஒரு வருடம் இரவு சாவடியை மூடியபோது பதிவேட்டில் 743 கையெழுத்து இருந்தது. கொடுத்த சீட்டுகளின் அடிக்கட்டை 744. ஒன்று இடிக்கிறது. காலை ஐந்தரையிலிருந்து வேலை, எனக்குக் கால் வீங்கியிருந்தது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு "முதலிலிருந்து" என்றார். பதிவேட்டை அவர் வாசிக்க நான் எண்ணினேன், பிறகு நான் வாசிக்க அவர் எண்ணினார். நாற்பது நிமிடம். கடைசியில் 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கர் வைத்திருந்த அட்டைப் பெட்டிக்கு அடியில் அந்தச் சீட்டு கிடைத்தது. யாரோ ஒரே பதவிக்கு இரண்டு வட்டத்தை நிரப்பிவிட்டு வேறு சீட்டு வாங்கிப் போயிருக்கிறார். கெட்டுப்போன சீட்டை அதற்குரிய உறையில் போடாமல், புதிதாக வந்த பையன் மேசையில் வைத்திருக்கிறான். உறையில் போட்டு, எழுதி, கையெழுத்திட்டு, இருவரும் ஒரே காரில் வாரிய அலுவலகத்துக்குப் போனோம். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் சேர்ந்துதான் எடுத்துப் போக வேண்டும்.

அடையாள அட்டை விஷயத்தில் நான் கறாரான ஆள். 2023-ல் ஒஹையோ புகைப்பட அடையாள அட்டையைக் கட்டாயமாக்கியபோது வரவேற்றேன். டீச்சர் எதிர்த்தார். அந்த நவம்பரில் ஒரு பெரியவர் வந்தார், முன்னாள் பேருந்து ஓட்டுநர். மூன்று வாரத்துக்கு முன் அவர் பிறந்தநாளோடு உரிமம் காலாவதியாகியிருந்தது. சட்டப்படி அவருக்குத் தற்காலிகச் சீட்டுதான் கொடுக்க முடியும். நான்கு நாளுக்குள் செல்லுபடியாகும் அட்டையை வாரியத்தில் காட்டினால்தான் அது எண்ணப்படும். "நாற்பது வருஷமா இதே இடத்துல போடறேன்" என்றார், குரல் உயராமல். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் காலை அந்தப் பெரியவரை என் காரில் கூட்டிப்போய் உரிமத்தைப் புதுப்பித்து, அங்கிருந்து வாரியத்துக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தோம். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. சட்டம் சரி என்று இன்றும் சொல்வேன். ஆனால் அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கிய நாங்கள் இப்படிப்பட்டவர்களுக்கு வண்டி ஓட்டவும் கடமைப்பட்டவர்கள்.

2020 வந்தது. டிரம்புக்குத்தான் போட்டேன். ஒஹையோவில் அவர் சுமார் 4,75,000 ஓட்டு அதிகம் வாங்கி ஜெயித்தார். எங்கள் மாவட்டமான மஹோனிங், 1972-ல் நிக்சனுக்குப் பிறகு முதல் முறையாகக் குடியரசுக் கட்சிப் பக்கம் வந்தது. நாட்டில் பைடன் ஜெயித்தார். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், டிரம்ப் தோல்வியை ஏற்கவில்லை. டிசம்பரில் எங்கள் பக்கத்து ஆட்கள் கூடிய ஒரு விருந்தில், தேர்தலே திருட்டு என்று பேச்சு. "நம் ஊர் எண்ணிக்கை?" என்று கேட்டேன். அது சரியாம். அரை மணி நேரம் காரில் போனால் பென்சில்வேனியா, அங்கேதான் திருட்டாம். அங்கேயும் என்னைப் போல ஒரு கிழவரும் டீச்சரைப் போல ஓர் அம்மாவும்தானே கீழ்த்தளத்தில் உட்கார்ந்து எண்ணியிருப்பார்கள் என்றேன். ஜார்ஜியாவில் ஏறத்தாழ 50 லட்சம் சீட்டுகளைக் கையால் மறுபடி எண்ணினார்கள், அங்கே தேர்தலை நடத்திய செயலர் நம் கட்சிக்காரர்தான் என்றும் சொன்னேன். முப்பது வருட நண்பர் ஒருவர், "உன்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்றார். ஏமாற்றியது டீச்சர் என்று அர்த்தம். நாற்பது நிமிடம் ஒற்றைச் சீட்டைத் தேடிய அந்த அம்மா. நான் எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நண்பரோடு இன்னும் பேச்சு சரியாகவில்லை.

எனக்கு அன்று நினைவுக்கு வந்தது அப்பா. சாத்தூர் பக்கத்தில் பள்ளி ஆசிரியர், காமராஜர் என்றால் உயிர். 1967 பிப்ரவரியில் தேர்தல் பணிக்குப் போனார். விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார் என்று செய்தி வந்த இரவு அப்பா சாப்பிடவில்லை. எனக்குப் பதினேழு வயது. "எண்ணினது சரியா இருக்குமாப்பா?" என்று கேட்டேன். "நாங்கதானடா பெட்டிக்குக் காவல் இருந்தோம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. காலையில் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனார்.

2024-ல் வீட்டிலேயே பிரச்சினை. கமலா ஹாரிஸின் அம்மா நம் ஊர், தாத்தா ஊர் துளசேந்திரபுரம். அந்தக் கிராமத்துக் கோயிலில் அவருக்காகப் பூஜை நடந்ததை டிவியில் காட்டினார்கள். "நம்ம ஊர்ப் பொண்ணுப்பா, இவங்களுக்குக்கூடப் போட மாட்டீங்களா?" என்றாள் மகள். ஊரைப் பார்த்து ஓட்டுப் போடக் கூடாது என்றுதானே உனக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்றேன். வரி, எல்லைப் பாதுகாப்பு, கருக்கலைப்பு எதிலும் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் போன தடவை எண்ணிக்கையை ஏற்காத டிரம்புக்குப் போடவும் கை வரவில்லை. அதிபர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றதெல்லாம் குடியரசுக் கட்சிக்கே நிரப்பினேன். நாற்பது வருடத்தில் முதல் முறை. மகளுக்கு அது இன்னும் கோபம். "காலியா விடறதுக்கு எதுக்குப்பா போகணும்?" என்றாள். இரண்டு மாதம் போனில் பேச்சு, சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு நின்றது.

2025 ஜனவரி 6, திங்கட்கிழமை. வாஷிங்டனில் நல்ல பனி. துணை அதிபர் என்ற முறையில், மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர் ஓட்டுகளை நாடாளுமன்றத்தில் எண்ணுவதற்குத் தலைமை தாங்கியவர் கமலா ஹாரிஸ். 1961-ல் நிக்சனும் 2001-ல் அல் கோரும் தாங்கள் தோற்ற கணக்கைத் தாங்களே அறிவித்த அதே இடம். டிரம்புக்கு 312, தனக்கு 226 என்று அவர் நிதானமாக வாசித்தார். குரல் தடுமாறவில்லை. அரை மணி நேரத்துக்கும் சற்று அதிகம், முடிந்துவிட்டது.

நானே மகளைக் கூப்பிட்டேன். போன் ஒரு தடவை அடித்ததுமே எடுத்துவிட்டாள்.

"பார்த்தியாம்மா?"

"பார்த்துட்டுதான்ப்பா இருக்கேன்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவள் வீட்டு டிவி சத்தம் எனக்குக் கேட்டது, என் வீட்டு டிவி சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, தாத்தா 1967-ல் என்ன சொன்னார் என்று மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன்.